சாகாத தளபதி

போன வாரம் புதுச்சத்திரத்தில் சேலம் பேருந்துக்காக நின்றிருந்தேன். கோழித் தீவன லாரி ஒன்று எங்களுக்கு முன்னால் வந்து நின்றது. தீவனத்தில் கலக்கிற கருவாட்டுத் தூளின் வாடை. பக்கத்தில் நின்றவர்கள் கைக்குட்டையைத் தேடினார்கள். நான் மட்டும் மூச்சை நன்றாக இழுத்து விட்டுக்கொண்டு நின்றேன். ஒரு பெண்மணி என்னைச் சந்தேகமாகப் பார்த்து இரண்டடி தள்ளிப் போனார். அவரிடம் எப்படி விளக்குவது? உங்களிடம் சொல்லலாம். எனக்கு அது ஆண்டு விழாவின் வாடை.

என் இருபது வயதுகளின் தொடக்கத்தில் நாமக்கல்லுக்கு வெளியே ஓர் உறைவிடப் பள்ளியில் அலுவலக உதவியாளராக இருந்தேன். பள்ளியை ஒட்டியே தீவன ஆலை. காற்று மேற்கேயிருந்து அடித்தால் வகுப்பறை, சாப்பாட்டுக்கூடம், முதல்வர் அறை எல்லாவற்றிலும் அந்த வாடைதான். மகனைச் சேர்க்க வருகிற பெற்றோர் "என்னங்க சார் இந்த நாத்தம்?" என்று கேட்டால், "இந்தக் காத்துக்குப் படிப்பு நல்லா ஏறுமுங்க" என்று சொல்லப் பழகியிருந்தேன். ஒருவரும் மறுத்ததில்லை.

நான் நாள் தவறாமல் நாட்குறிப்பு எழுதுகிறவன். தேதி கேட்டால் தேடி எடுத்துச் சொல்லிவிடுவேன். ஆனால் இந்த விஷயத்துக்குத் தேதி உதவாது. அந்த ஆண்டு விழா நாளின் பக்கத்தை ஊருக்குத் திரும்பியதும் எடுத்துப் பார்த்தேன். மதியம் தக்காளி சாதம். மேடைக்கு ஜமுக்காளம் போதாமல் விடுதியிலிருந்து வாங்கியது. ஒரு டியூப்லைட் விட்டு விட்டு எரிந்தது. அவ்வளவுதான் எழுதியிருக்கிறேன். ஒழுங்கான ஆட்களிடம் உள்ள கோளாறு இது. முக்கியமானது எதுவும் எங்கள் கட்டங்களுக்குள் அடங்குவதில்லை.

எங்கள் பக்கத்துப் பள்ளிகள் பலவும் அப்போது கூட்டுப் பங்கில் நடந்தவை. கோழிப்பண்ணை வைத்தவர், லாரிக்குப் பாடி கட்டுகிறவர், தோட்டம் துரவு உள்ளவர் எனப் பலர் சேர்ந்து நடத்துவார்கள். எங்கள் பள்ளியில் ஒவ்வொரு பங்குதாரரும் தனக்கு வேண்டிய ஆசிரியர்களை உள்ளே கொண்டுவரலாம். ஆகவே புதிதாக ஒருவர் வேலைக்கு வந்தால் என்ன பாடம் நடத்துவார் என்று யாரும் கேட்பதில்லை. "யாரு ஆளுங்க?" என்பதுதான் முதல் கேள்வி. ஆசிரியர் ஓய்வறையில் மேசைகள்கூட அதன்படி பிரிந்து கிடக்கும். நான் செய்தித்தாளில் விளம்பரம் பார்த்து விண்ணப்பித்து வந்தவன். அதைச் சொன்னபோது வாட்ச்மேன் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "அப்ப உங்களுக்குன்னு ஆருமே இல்லீங்களா?" என்றார். அம்மா அப்பா இருக்கிறார்கள் என்று சொன்னேன். அவர் கேட்டது அதை அல்ல.

பங்குதாரர்களில் இரண்டு தலைகள் பெரியவை. ஒருவர் பண்ணைக்காரர், எங்கு பார்த்தாலும் அவருடைய கோழிக் கொட்டகைகள். மற்றவர் ரிக்காரர்; ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளை வடநாட்டுக்கு அனுப்புகிறவர். பள்ளியின் தாளாளர் யார் என்பதுதான் இருவருக்கும் சண்டை. அந்த வருடம் பங்குதாரர்கள் சரிபாதியாகப் பிரிந்து நின்றார்கள். நடுவில் நின்றவர் ஒருவர்தான். எருமப்பட்டிக்காரர், வயதானவர், வெங்காயமும் நிலக்கடலையும் போடுகிற விவசாயி. அவர் எந்தப் பக்கம் சாய்கிறாரோ அந்தப் பக்கம் நாற்காலி.

இருவரும் மாறி மாறி அவர் வீட்டுக்குப் போனார்கள். அவர் ராஜா நாடகப் பைத்தியம். "ஆண்டு விழாவுல சரித்திர நாடகம் ஒண்ணு போடுங்கப்பா. பாத்துப்போட்டு அப்பறம் யாருக்குன்னு சொல்றேன்" என்றாராம். வேடிக்கைக்குச் சொன்னாரோ என்னவோ. இவர்கள் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை.

தமிழாசிரியர் நாடகம் எழுதினார். கதை இதுதான். மலையடிவாரத்துச் சிற்றரசன் ஒருவன் பகை தீர வேண்டும் என்று எதிரி நாட்டு இளவரசியை மணக்கிறான். அவளும் அவனுடைய தளபதியும் முன்பே ஒருவரை ஒருவர் விரும்பியவர்கள். பகை தீரவில்லை, கோட்டையை எதிரிகள் சூழ்கிறார்கள். உள்ளேயிருந்து யாரோ சேதி அனுப்புவதாக அரசன் அரசி மேல் சந்தேகப்படுகிறான். தளபதி தன் விசுவாசத்தைக் காட்ட வேண்டும். அதற்கு அவன் சபை நடுவே நின்று அவள் மேல் குற்றம் படிக்க வேண்டும். தளபதி மறுக்கிறான். அரசன் அரசிக்கு நஞ்சைக் கொடுக்கிறான். அவள் குடித்துச் சாகிறாள். தளபதி தன் வாளாலேயே குத்திக்கொண்டு விழுகிறான். திரை.

வேடங்களைப் பங்குதாரர்களே பிரித்தார்கள். கோட்டைக்கு உள்ளே இருக்கிறவர்கள் எல்லாம் பண்ணைக்காரர் ஆட்கள். எதிரி நாட்டார் எல்லாம், கோட்டைக்கு மணமாகி வந்த இளவரசி உட்பட, ரிக்காரர் ஆட்கள். இரண்டு கூட்டமும் ஒரே வரிசையில் நிற்க மறுத்ததால் அப்படி ஆனது. சாவுக்கும் பஞ்சாயத்து நடந்தது. ரிக்காரர் என் அலுவலகத்துக்கே வந்து தமிழாசிரியரைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க பக்கத்துப் புள்ளதான் சாவுதாமா? அவிங்க பக்கம் ஒருத்தனும் சாவறதில்லீங்களா?"

"தளபதியும் சாகிறாருங்கய்யா. கடைசியிலே ரெண்டு பேருமே."

"ஆளுக்கு ஒண்ணா?"

"ஆமாங்கய்யா. துன்பியல் நாடகம்."

"அப்பச் சரி" என்று எழுந்து போனார்.

அரசி, வேதியியல் ஆசிரியை கலைவாணி. ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து ரிக்காரர் சிபாரிசில் வந்தவர். தளபதி, இயற்பியல் ஆசிரியர் செல்வராஜ். இவர் பண்ணைக்காரர் ஆள் என்று சொன்னால் போதாது. இவருடைய அப்பா பண்ணைக்காரரிடம் இளவயதிலேயே வேலைக்குச் சேர்ந்து, பண்ணைக்குள்ளேயே ஒரு வீட்டில் குடியிருந்தார். செல்வராஜைக் கல்லூரிக்கு அனுப்பியவர் பண்ணைக்காரர். அந்தக் குடும்பத்துக்கு வீடு, சோறு, படிப்பு, வேலை எல்லாம் ஒரே வாசல் வழியாக வந்தவை.

இவர்கள் இருவரும் நிஜமாகவே விரும்பினார்கள். நாடகத்துக்கு முன்பிருந்தே. ஆய்வுக்கூடங்கள் பக்கத்துப் பக்கத்து அறைகள், வேறென்ன வேண்டும்? பள்ளியில் எல்லாருக்கும் தெரியும். தமிழாசிரியருக்கு மட்டும் தெரியாது என்று நம்புகிறேன். தெரிந்திருந்தால் கதையை வேறு மாதிரி எழுதியிருப்பார்.

எனக்குத் திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக்கொடுக்கிற வேலை. என் கையெழுத்து திருத்தமாக இருக்கும் என்பதால் பிரதிகள் எழுதியதும் நான்தான். ஒத்திகையில் எனக்குப் பெரிதாக வேலை இருக்காது. செல்வராஜுக்கு மறுப்பு வசனத்தில் எப்போதும் தடுமாறும். நான் பக்கத்தைப் புரட்டுவதற்குள் கலைவாணி எதிரில் நின்று உதட்டை மட்டும் அசைத்து எடுத்துக்கொடுத்துவிடுவார். "வாளைக் கேளுங்கள், தருகிறேன். தலையைக் கேளுங்கள், தருகிறேன். இவள்மேல் பழி சொல்ல என் நாவை மட்டும் கேட்காதீர்கள். அது என்னுடையதல்ல, இவளிடம் கொடுத்து வைத்தது." செல்வராஜ் அதைச் சொல்லும்போது தளபதிக்கு வரக்கூடாத சிரிப்பு அவர் முகத்தில் வந்துவிடும். தமிழாசிரியர் தலையில் அடித்துக்கொள்வார். நானும் கையில் காகிதத்தோடு வேலையற்றவனாக நின்று அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கொஞ்சம் பொறாமையும் உண்டு. மறைப்பானேன்?

விழாவுக்குச் சில நாட்கள் முன்னால் ஒரு சம்பவம். பண்ணைக்காரர் யாருக்கும் சொல்லாமல் எருமப்பட்டிக்குப் போக ஏற்பாடு செய்திருந்தார். அவர் போய் இறங்கும்போது ரிக்காரர் ஏற்கனவே உள்ளே உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். சேதி எப்படிப் போனது? பண்ணைக்காரருக்கு ஒரு நொடிகூட யோசிக்க வேண்டியிருக்கவில்லை. செல்வராஜ் கலைவாணியிடம் சொல்லியிருப்பான், கலைவாணி ரிக்காரரிடம் சொல்லியிருப்பாள். முட்டை வண்டி டிரைவர் டீக்கடையில் நின்று பெருமையாகச் சொன்னதுதான் காரணம் என்று பிறகு எல்லாருக்கும் தெரியவந்தது. பிறகு என்றால், எல்லாம் முடிந்த பிறகு.

விழா அன்று மதியம் ஆய்வுக்கூடத்தில் வேடம் போட்டுக்கொண்டிருந்தார்கள். செல்வராஜுக்கு நான் மீசை ஒட்டிக்கொண்டிருந்தேன். பண்ணைக்காரர் வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. குரலை உயர்த்திப் பேசுகிற மனிதர் அல்ல.

"செல்வராசு, நீ சாவ வேண்டாம்."

செல்வராஜ் சிரித்தார். "நாடகத்துலதானுங்கய்யா."

"நாடகத்துலயும் வேண்டாம். அவிங்க புள்ள சாவட்டும். நீ நில்லு. ராசா ஓலையக் குடுப்பான்ல, அதைப் படி. அவ மேல குத்தம்னு சபையில சொல்லு."

"அப்படிச் சொன்னா கதையே மாறிப் போயிருமுங்களே?"

"எருமப்பட்டிக்கு நான் போற சேதி அந்தப் பக்கம் போச்சு. நீ சொல்லலீங்கறே."

"சத்தியமாச் சொல்லலீங்கய்யா."

"நான் நம்பறேன். நம்ம பக்கத்து ஆளுக நம்போணும்ல? ரிக்காரன் நம்போணும்ல? எல்லாரும் முன்னாடி உக்காந்திருப்பாங்க. நீ யாரு ஆளுன்னு அவிங்களுக்குத் தெரியட்டும்." வாசல்வரை போனவர் திரும்பி, "அப்பனுக்கு மூட்டுவலியாமா? இந்த வயசுல ஊடு மாத்தறதெல்லாம் ஆவாதப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

செல்வராஜ் கண்ணாடிப் பக்கம் திரும்பினார். மீசையின் ஒரு பக்கம் இன்னும் ஒட்டவில்லை.

"கலைவாணி மேடம்கிட்டச் சொல்லீருங்க சார்" என்றேன்.

"சொன்னா மேடைக்கே வரமாட்டா." பிறகு கொஞ்சம் தெளிந்தவர்போலச் சொன்னார். "நாளைக்குச் சமாதானம் சொல்லிக்கலாமுங்க சார். அவளுக்கு என்னையத் தெரியும். அப்பாவையும் தெரியும். புரிஞ்சுக்குவா."

மாலையில் மைதானம் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் பங்குதாரர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள். நடுவில் எருமப்பட்டிப் பெரியவர், பண்ணைக்காரரும் ரிக்காரரும் இரண்டு பக்கமும். நாடகம் நன்றாகவே போனது. முற்றுகைக் காட்சியில் ரிக்காரர் ஆட்கள் கொஞ்சம் நிஜமாகவே தள்ளினார்கள். அட்டைக் கோட்டை ஆடியது. பையன்கள் விசில் அடித்தார்கள்.

சபைக் காட்சி வந்தது. அரசனாக நடித்த உடற்பயிற்சி ஆசிரியர் ஓலையை நீட்டினார். செல்வராஜ் வாங்கினார். நான் மறுப்பு வசனத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றேன். வழக்கமாக அவர் தடுமாறுகிற இடம். அன்று தடுமாறவில்லை.

"நம் உப்பைத் தின்று பகைவனுக்குச் சேதி விற்றவள் இவள். அன்பு என்று சொல்லி என்னிடம் வந்ததும் உளவு பார்க்கத்தான். அடுத்த அறையில் நின்று சிரித்ததும் அதற்குத்தான். இவள் குற்றவாளி என்று இந்தச் சபை முன் நான் சொல்கிறேன்."

அடுத்த அறை என்ற சொல்லில் ஆசிரியர்கள் பக்கமிருந்து சிரிப்பு கிளம்பியது. பெற்றோருக்கு ஒன்றும் புரியவில்லை. பண்ணைக்காரர் வீட்டுப் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். ஒரு குரல், "அப்படிப் போடு, சார்!" என்றது. பண்ணைக்காரர் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

கலைவாணி முதலில் செல்வராஜின் உதட்டைத்தான் பார்த்தார். ஒத்திகைப் பழக்கம், அவர் வசனத்தை மறந்துவிட்டார் என்று நினைத்திருக்க வேண்டும். எடுத்துக்கொடுக்க வாயைத் திறந்ததை நான் பார்த்தேன். சிரிப்புச் சத்தம் கேட்ட பிறகுதான் வாய் மூடியது. அப்புறம் முன்வரிசையைப் பார்த்தார். தன்னை வேலைக்குக் கொண்டுவந்த ரிக்காரர் தலையைக் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். என் கையில் இருந்த பிரதியில் இந்த இடத்துக்கு வசனமே இல்லை.

கலைவாணி அழவில்லை. அரசன் பக்கம் திரும்பி, செல்வராஜ் சொல்ல வேண்டிய வசனத்தைச் சொன்னார். "வாளைக் கேளுங்கள், தருகிறேன். தலையைக் கேளுங்கள், தருகிறேன். இவர்மேல் பழி சொல்ல என் நாவை மட்டும் கேட்காதீர்கள். அது என்னுடையதல்ல; இவரிடம் கொடுத்து வைத்தது." ஒரு சொல் பிசகவில்லை. பிறகு யாரும் கொடுப்பதற்கு முன் தானே போய் நஞ்சுக் கோப்பையை எடுத்துக் குடித்து, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, ஜமுக்காளத்தில் படுத்துவிட்டார்.

இப்போது செல்வராஜ் மட்டும் நின்றுகொண்டிருந்தார். திரை இழுப்பவனுக்குத் தமிழாசிரியர் ஒரே ஒரு கட்டளைதான் கொடுத்திருந்தார்: தளபதி விழுந்தால் திரையை இழு. தளபதி விழவில்லை. அவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். செல்வராஜுக்குச் சொல்ல வசனம் இல்லை, போக வழியும் தெரியவில்லை. அந்த டியூப்லைட் அணைந்து அணைந்து எரிந்தது. ஒவ்வொரு முறை எரியும்போதும் அவர் அங்கேயே நின்றார்.

விடுதிப் பையன் ஒருவன் பின்னாலிருந்து கத்தினான். "சார், நீங்க சாவலீங்களா?"

மைதானமே சிரித்தது. படுத்திருந்த கலைவாணியின் காதிலும் அது விழுந்திருக்கும்.

எருமப்பட்டிப் பெரியவர்தான் அந்தக் காட்சியை முடித்து வைத்தார். எழுந்து கை தட்டிக்கொண்டே மேடை ஏறினார். தோளில் இருந்த துண்டை எடுத்துச் செல்வராஜுக்குப் போர்த்தினார். "இது நடிப்பு! ஆசப்பட்டவளையே காட்டிக் குடுக்கறான் பாருங்க, கண்ணுல பொட்டுத் தண்ணி இல்ல. கல்லு மனசு!" பிறகு கீழே குனிந்து கலைவாணியிடம், "நீயும் நல்லாச் செத்தே சாமி, எந்திரி" என்றார்.

மறுநாள் காலை கலைவாணி என் மேசைக்கு வந்து வாடகைக்கு எடுத்த நகைகளை ஒவ்வொன்றாக வைத்தார். "சரிபார்த்துக்குங்க சார்." பக்கத்தில் ராஜினாமாக் கடிதம். செல்வராஜ் வாசலிலேயே காத்திருந்தார்போல. உள்ளே வந்துவிட்டார்.

"கலை, அப்பாவுக்காகத்தான். அது வெறும் நாடகம்."

கலைவாணி ஒட்டியாணத்தின் கொக்கியைச் சரியாக மாட்டி வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"நாடகம்னா நீங்க செத்திருக்கணும் இல்ல?"

அவ்வளவுதான் பேசினார். ஆத்தூர் பேருந்தில் ஏறிப் போனார். பிறகு அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள முயலவும் இல்லை.

அன்று மதியம் எருமப்பட்டிப் பெரியவர் பண்ணைக்காரர் பக்கம் கை தூக்கினார். "அவுரு ஆளு என்னமா நடிச்சான்" என்பதைத் தவிரக் காரணம் எதுவும் சொல்லவில்லை. மாலைக்குள் பண்ணைக்காரர் தாளாளர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முதல் வேலையாகச் செல்வராஜைக் கூப்பிட்டார். நான் கையெழுத்துக்கான கோப்புகளோடு அங்கேயே நின்றிருந்தேன்.

"நாளையிலிருந்து வர வேண்டாம் செல்வராசு."

"ஐயா?"

"ஒருத்தி உன்னைய நம்பி நின்னா. ரெண்டு வார்த்தையில அவளத் தூக்கிப் போட்டுட்டே. நாளைக்கு ரிக்காரன் கூப்புட்டான்னா, என்னையத் தூக்கிப் போட உனக்கு எத்தன வார்த்தை ஆவும்?"

"நீங்க சொல்லித்தானுங்கய்யா பண்ணுனேன்."

"நான் ஆயிரம் சொல்லுவேன்" என்றார் பண்ணைக்காரர். "சொன்னா செஞ்சுருவியா?"

கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் இன்றைக்கும் காதில் நிற்கிறது. பிறகு என் பக்கம் கையை நீட்டினார். நான் கோப்பைக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டார்.

பள்ளி விடுதியில் இருந்த செல்வராஜின் பெட்டியை என் மொபெட்டில் வைத்துக்கொண்டு நான்தான் அவரைப் பண்ணைக்கு அழைத்துப் போனேன். கோழிப்பண்ணை வாசலில் மருந்துத் தண்ணீர்த் தொட்டி இருக்கும். கிருமி போகக் காலை நனைத்துவிட்டுத்தான் யாரும் உள்ளே போக வேண்டும். செல்வராஜ் பழக்கத்தில் செருப்போடு ஒரு காலைத் தொட்டிக்குள் வைத்துவிட்டார். அப்பா உள்ளேயிருந்து வந்து கம்பிக் கதவைச் சாத்தினார்.

"உள்ள வராத. ஐயா சேதி சொல்லி உட்டுட்டாரு."

"அப்பா, நான் ஒண்ணும் பண்ணல."

"ஐயா சும்மா சொல்ல மாட்டாரு. என்னமோ பண்ணியிருக்கற."

"நீங்க இங்க இருக்கோணும்னுதானப்பா பண்ணுனேன்."

"நாந்தான் இருக்கறனேடா" என்றார் அப்பா. "உன்னைய ஆரு கேட்டா?"

செல்வராஜ் தொட்டியிலிருந்து காலை எடுக்கவில்லை. நான் தோளைத் தொட்ட பிறகுதான் எடுத்தார். மொபெட்டைத் தள்ளிக்கொண்டு திரும்பி நடந்த வழி முழுக்க அவருடைய ஒரு செருப்பு சதக் சதக்கென்று சத்தம் போட்டது. மனம் கேவலமானது, எனக்கு அந்த நேரத்தில் சிரிப்பு வரும்போல இருந்தது.

அந்தப் பள்ளி இப்போது இல்லை. பங்கைப் பிரித்துக்கொண்டார்கள், கட்டடத்தை வெளியூர்க்காரர் ஒருவர் வாங்கி இடித்துவிட்டார். மேடை இருந்த இடத்தில் லாரிகள் நிற்கின்றன. எருமப்பட்டிப் பெரியவர் போய்ச் சேர்ந்தார். தமிழாசிரியர் அதற்குப் பிறகு நாடகமே எழுதவில்லை. ஓய்வு பெற்று மகனோடு கோவையில் இருக்கிறார். "யாரு ஆளுங்க?" என்று கேட்டால் இன்றைய இளைஞர்களுக்குக் கேள்வியே புரியாது.

எல்லாவற்றையும்விட முழுசாகக் காணாமல் போனது அந்தப் பகைதான். பண்ணைக்காரர் தன் பேத்தியை ரிக்காரர் பேரனுக்குக் கொடுத்தார். இரண்டு குடும்பமும் சேர்ந்து ஏதோ தொழில் தொடங்கியிருக்கிறார்கள். திருமணத்துக்கு எனக்கும் அழைப்பு வந்தது, போனேன். இரண்டு கிழவர்களும் ஒரே சோபாவில் சாய்ந்துகொண்டு ஒருவருக்கொருவர் சர்க்கரை மாத்திரையை நினைவுபடுத்திக்கொண்டிருந்தார்கள். அந்தக் காலத்து நாற்காலிச் சண்டையைப் பற்றி யாரோ எடுத்தபோது, "அது எந்த வருசமுங்க?" என்று பண்ணைக்காரர் ரிக்காரரைக் கேட்டார். ரிக்காரருக்கும் ஞாபகம் இல்லை. நான் சொல்லியிருக்கலாம். என்னை யாரும் கேட்கவில்லை, சொல்லவில்லை.

செல்வராஜ் சேலத்தில் ஒரு டியூஷன் நிலையத்தில் பாடம் நடத்துகிறார். திருமணம் செய்துகொள்ளவில்லை. அப்பா இறந்தபோது பண்ணைக்காரர் ஆள் விட்டனுப்பித்தான் இவருக்குத் தெரிந்ததாம். அதை இன்றும் ஒரு பெரிய உபகாரமாகச் சொல்வார். புதுச்சத்திரத்திலிருந்து திரும்பிய அன்று மாலை அவருக்குத் தொலைபேசினேன். சுகம் விசாரித்தோம். கல்யாணச் சேதியைச் சொன்னேன், இருவரும் சம்பந்தி ஆகிவிட்டார்கள் என்று.

 

"ஐயாகிட்ட யாராச்சும் சொல்லோணுமுங்க சார்" என்றார் செல்வராஜ். "அந்த ரிக்காரன நம்பக் கூடாது."